மாவட்டத்துக்கே ஒரு விதைப்புத் தேதி இனிச் சரிவருமா? திருகோணமலை வயல்காரர்களிடம் ஒரு கேள்வி

தம்பலகாமத்தான் எழுதியது:

விதைப்புத் தேதியைத் தீர்மானிக்கிற பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. ஆனாலும் அங்கே கையைத் தூக்கி இரண்டு நிமிடம் பேசக் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் இப்போதே இங்கே பேசிவைப்போம்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிற நாங்கள் மூன்றரை மாத நெல்லை விட்டு, மூன்று மாதத்துக்கோ இரண்டரை மாதத்துக்கோ இறங்கவேண்டிய காலம் வந்துவிட்டதா? எங்கள் பக்கம் பீஜி 352, பீஜி 94-1, ஏடி 362 என்ற மூன்றரை மாத நெல்கள்தான் அதிகம். புரட்டாதி மழைக்கு உழுது, ஐப்பசியில் விதைத்து, தைக் கடைசியிலோ மாசியிலோ வெட்டுவது பழைய கணக்கு. இப்போது புரட்டாதியில் புழுதி அடங்கவும் மழை இல்லை. ஐப்பசி பாதியில் தொடங்கி, கார்த்திகையில் ஒரு மாதத்து மழையை இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. மார்கழியில் வெயில் அடிக்கிறது. வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்குகிற நேரம் பார்த்து மறுபடி மழை.

மழை குறைந்துவிட்டது என்பதல்ல என் வாதம். 2011 தையில் கதிரோடு மூழ்கிய வேளாண்மையைப் பார்த்தோம். 2016/17 பெரும்போக வரட்சியைப் பார்த்தோம். 2020 டிசம்பர் 2 இரவு திரியாய், குச்சவெளிப் பக்கமாகப் புரெவிப் புயல் கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். வேளாண்மை வயலில் நிற்கிற அத்தனை நாளும் ஆபத்துக்குள்தான் நிற்கிறது. நிற்கும் நாளைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் அல்லவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொட்டியாரக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கு மேட்டு வயலுக்குச் சரி. மூதூர், வெருகல் பள்ளக் காணிக்கு அது எடுபடாது.

டித்வா நேரம் எங்கள் பயிர் முளைத்துக் கொஞ்ச நாள்தான். அது மூன்றரை மாதமா இரண்டரை மாதமா என்று வெள்ளம் கேட்கவில்லை. மலைநாட்டில் பெய்த மழை முழுக்க மகாவலியோடு வந்து எங்கள் தலையில் இறங்கியது. மாவிலாற்று அணைக்கட்டும் உடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால், வரம்பு எது வயல் எது என்று தெரியவில்லை. சில இடத்தில் முழங்கால் அளவுக்கு மணல். மணலை அள்ளிப் போடாமல் எந்த விதையை வீசியும் பலனில்லை, அள்ளுகிற கூலி நெல் விற்ற காசில் வராது.

என் கருத்து நேர் எதிரானது. எங்கள் மாதிரி ஆற்றோரக் காணிக்காரர் முந்தக்கூடாது, பிந்தவேண்டும். வங்காள விரிகுடாவில் புயல் கூடுதலாகக் கிளம்புவது கார்த்திகையிலும் மார்கழி முற்பகுதியிலும்தான். அது கழியட்டும். பிறகு இரண்டரை மாத நெல்லைப் போட்டு மாசிக் கடைசியில் வெட்டலாம். ஆனால் பிந்தி விதைத்தால் காப்புறுதி இல்லை, பசளை மானியம் இல்லை என்று தேதியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படியானால் என்ன செய்வது? தேதிக்கு விதைத்து, தேதிக்கு மூழ்குவோம்.

---

பழைய வட்டவிதானை எழுதியது:

பிள்ளைகள் கோபிக்கக்கூடாது. எது நடந்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்கிற பழக்கம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. 1957 மார்கழி வெள்ளம் எந்த மாற்றத்தால் வந்தது? 1964 மார்கழியில் திருகோணமலையைப் புரட்டிப்போட்ட புயல்? 1986 சித்திரை 20ஆம் தேதி கந்தளாய்க் கட்டு உடைந்து நூற்றுக்கு மேல் சனம் செத்தது, அது மழை வெள்ளத்தால் அல்ல. கட்டைக் கவனிக்காத குறை அது.

நான் வட்டவிதானையாக, வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசுக் கதவின் திறப்பை வைத்திருந்த காலத்தில் வாய்க்கால் துப்புரவுக்கு வராதவனுக்குத் தண்ணீர் முறை கடைசியில்தான். இப்போது வாய்க்காலுக்குள் நாணல் ஆள் உயரம். வடிச்சல் வாய்க்காலை அடைத்து வீடு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகும்? வயலுக்குள் நிற்கத்தான் செய்யும். முதலில் அதைச் செய்யுங்கள். வானத்தைப் பிறகு பார்க்கலாம்.

---

பயிரியல் பிள்ளை எழுதியது:

ஐயா சொல்வதில் பாதிக்கு நான் ஒப்பு. வடிச்சல் இல்லாத ஊரில் சாதாரண மழையும் வெள்ளம்தான். ஆனால் மற்றப் பாதியைத் தள்ளிவிட முடியாது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்துவைக்கும். பிடித்ததைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். புயல் முன்பும் வந்தது, உண்மை. இப்போது அதே புயல் கூடுதல் தண்ணீரைச் சுமந்து வருகிறது. நீங்கள் வாய்க்கால் வெட்டிய காலத்து அளவு இன்றைக்குப் போதாது என்பதுதான் நான் சொல்வது.

இங்கே யாரும் தொடாத ஒன்றையும் சொல்கிறேன்: சித்திரையில் விதைக்கிற சிறுபோகத்துச் சூடு. நெல் பூப்பது காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். ஒவ்வொரு பூவும் ஒரு மணித்தியாலம் அளவில்தான் திறந்திருக்கும். அந்த நேரம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும், மணி பிடிக்காது. திருகோணமலையில் ஆனி, ஆடியில் சராசரி உச்ச வெப்பமே 34, 35ஐத் தொடுகிறது. அதோடு தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் எல்லாம் போய், சூடாகத்தான் வந்து அடிக்கும். சித்திரைக் கடைசியில் மூன்றரை மாத நெல்லைப் போட்டால் ஆடியில் பூக்கும், சரியாக அந்தக் காற்றின் வாயில்.

இரவுச் சூடும் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்து வயல்களில் பார்த்து, 2004இல் வெளியிட்டார்கள்: வரண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு பாகை கூடினால் விளைச்சல் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. பகலில் சேர்த்ததைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது.

---

தம்பலகாமத்தான் எழுதியது:

தங்கச்சி சொன்ன பிறகுதான் போன சிறுபோகம் விளங்குகிறது. வெளியில் நின்று பார்த்தால் கதிர் நல்ல நீளம், பச்சை குறையவில்லை, ஒரு பூச்சியும் இல்லை. ஆனால் தலை சாயவில்லை. கதிரை உருவி நகத்தால் நசுக்கினால், பத்து மணியில் நாலைந்தில் பால் வருகிறது, மற்றது சப்பி. கடைக்காரர் மருந்து ஒன்று தந்து அடிக்கச் சொன்னார். சூட்டுக்கு எந்த மருந்தை அடிப்பது?

---

முள்ளிப்பொத்தானை நானா எழுதியது:

செய்து பார்த்தவர்கள் சொல்லச் சொன்னீர்கள். நான் சிறுபோகத்தில் பீஜி 250 போட்டேன். 80 நாளில் வெட்டலாம் என்பது பொய்யில்லை. ஆனிச் சூடு ஏற முதல் பூத்து முடிந்தது, கடைசித் தண்ணீர் முறைக்காக யாரோடும் சண்டை பிடிக்கவும் இல்லை. விளைச்சல் பீஜி 352ஐ விடக் குறைவுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். பயிர் வளர நாள் குறைந்தால் மூடையும் குறையும், அது இயற்கை.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. சுற்றியுள்ள வயல் எல்லாம் பச்சையாக நிற்க, என்னுடைய துண்டு மட்டும் மஞ்சள். ஊரில் உள்ள கிளி, சிட்டு, எலி எல்லாம் என் வயலுக்கே வந்தன. கட்டாக்காலி மாடும் அப்படித்தான். மாடு அப்புறப்படுத்தும் தேதி, காவல் எல்லாம் ஊர்க் கணக்குக்குத்தானே வைக்கிறார்கள், என் கணக்குக்கா? வெட்டு மெஷின்காரர் ஒரு துண்டு வயலுக்காக லொறி பிடித்து வரமாட்டேன் என்றார். வருவதற்கும் வழி இல்லை, நாலு பேருடைய நிற்கிற பயிரை மிதித்துத்தான் வரவேண்டும். கடைசியில் கையால் வெட்டி, சூடு அடித்து நெல்லைப் பிரித்தோம். கூலிக்கே நெல்லில் பெரும் பங்கு போய்விட்டது.

தனியாக ஒருவன் நெல்லை மாற்றினால் இப்படித்தான். மாறுவதானால் ஒரு வாய்க்கால்காரர் எல்லாரும் சேர்ந்து மாறவேண்டும்.

---

பழைய வட்டவிதானை எழுதியது:

நானா சொன்னதுதான் சரியான பேச்சு.

---

நிலாவெளி வெங்காயம் எழுதியது:

எல்லாரும் நெல்லையே பேசுகிறீர்கள். எங்களுக்குக் குளமும் இல்லை, துருசும் இல்லை. மணல், கிணறு, சின்ன வெங்காயம். எங்களுக்கு வருகிற அடியே வேறு மாதிரி.

கடலோர மணலுக்குக் கீழே மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே உப்பு நாற்பது அடி வரைக்கும் மேலேறும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மழை பிந்தினால் நாங்கள் மோட்டாரைக் கூட நேரம் ஓட்டுகிறோம். ஓட்ட ஓட்ட உப்பு ஏறுகிறது. வெங்காயத்தாளின் நுனி வெள்ளையாகக் கருகுவதைப் பார்த்துத்தான் கிணறு கெட்டது பலருக்குத் தெரியவருகிறது. அதற்குள் பாத்தியிலும் உப்பு சேர்ந்துவிடும்.

இப்போது நான் செய்வது: மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டுவதில்லை, விடியக் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். வாய்க்கால் கட்டிப் பாய்ச்சுவதை விட்டுத் தூவல் பாசனத்துக்கு மாறினேன், தண்ணீர் நன்றாக மிச்சம். பாத்திக்கு வைக்கோல் மூடாக்கு. முன்பு ஒரு மூலையில் ஆழமாகத் தோண்டிய ஒரே கிணறு, இப்போது அதை ஆழமாக்காமல் தள்ளி இன்னொரு ஆழமில்லாக் கிணறு வைத்து இரண்டிலும் மாறிமாறி இறைக்கிறேன். ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடற்கரையில் ஆழம் போகப் போக உப்புதான்.

பருவம் தப்பிய ஒரு மழை போதும், கிழங்கு அழுகிவிடும். அதற்கு இன்னும் வழி காணவில்லை. பாத்தியை உயர்த்துகிறோம், அவ்வளவுதான்.

---

குறிஞ்சாக்கேணி எழுதியது:

உப்பு என்றதும் வந்தேன். கிண்ணியாவிலும் குடாக் கரையோரப் பள்ள வயலில் வரட்சி வருடங்களில் உவர் ஏறுகிறது. அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய ஏடி 354 உவரைத் தாங்கும். எல்லா உவரையும் அல்ல. நெல் உப்புக்குப் பயப்படுவது இரண்டு நேரம், நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும். அந்த இரண்டு நேரமும் நல்ல தண்ணீர் கிடைத்தால் நடுவில் கொஞ்சம் உப்பைப் பொறுத்துக்கொள்ளும். முதல் மழையைக் கட்டிவைத்து, உப்பு கரைந்ததும் வரம்பில் வக்கடையை வெட்டி வடியவிட்டு, மறுபடி கட்டவேண்டும். கிடைத்த மழையை வடியவிட மனம் வராது, வந்த தண்ணீரை விடுவதா என்று வாப்பாவே ஏசுவார். ஆனால் விடத்தான் வேண்டும்.

---

திரியாய்ப் பெடியன் எழுதியது:

மானாவாரிக்காரர் சார்பில் ஒன்று. எங்களுக்கு ஆரம்பக் கூட்டமும் இல்லை, தண்ணீர் முறையும் இல்லை. காய்ந்த நிலத்தை உழுது புழுதியில் விதைத்துவிடுவோம், முதல் மழைக்கு முளைக்கும். அது மழைக்கு முந்தி விதைக்கிற பழைய வழி. ஆனால் இப்போது முதல் மழை ஒரு தூற்றல் தூறி ஏமாற்றுகிறது. முளைக்கிறது, பிறகு இரண்டு கிழமை வெயில், முளைத்தது காய்கிறது. மறுபடி விதை வாங்கு.

பரசூட் முறை பற்றிக் கேள்விப்பட்டேன். யாரும் செய்கிறீர்களா?

---

பயிரியல் பிள்ளை எழுதியது:

தம்பி, செய்யலாம். குழித்தட்டில் நாற்று வளர்த்து, இரண்டு கிழமை அளவில் மண்கட்டியோடு கையால் வீசுவது. மண்ணின் பாரத்தில் வேர் கீழே பார்த்து விழும். வீசி விதைக்க ஏக்கருக்கு இரண்டு புசல் போகிற இடத்தில் இதற்கு அரைப் புசல் அளவு போதும். இந்தக் காலத்துக்கு இது பொருந்துவது விதை மிச்சத்துக்காக மட்டும் அல்ல. மழை ஏமாற்றினாலும் நாற்று வீட்டு முற்றத்தில் உங்கள் கண்முன் நிற்கிறது, வாளியால் தண்ணீர் ஊற்றியே காப்பாற்றலாம். வெள்ளம் வடிந்த பிறகும் இரண்டு கிழமை முன்னுக்கு நிற்பீர்கள். களைநெல்லும் குறையும், உங்கள் நாற்று அதைவிட உயரத்தில் நிற்பதால் தண்ணீரைக் கட்டி அதை அமுக்கலாம். செலவு தட்டுக்கு. தட்டைப் பல போகத்துக்குப் பாவிக்கலாம் என்பதால் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் பாரமில்லை. தண்ணீர் இல்லாத மேட்டு மானாவாரிக்குச் சரிவராது, சேறு வேண்டும்.

தம்பலகாமத்தாருக்கு இன்னொன்று: எஸ்லோன் (பிளாஸ்டிக்) பைப் துண்டு ஒன்றில் சுற்றிவர ஓட்டை போட்டு வயலில் நட்டுவையுங்கள். உள்ளே தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே போகும்வரை பாய்ச்சத் தேவையில்லை. மேலே வெடிப்பு தெரிகிறதே என்று பயப்படாதீர்கள், வேருக்கு ஈரம் இருக்கிறது. பூக்கும் நேரம் மட்டும் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மிஞ்சும்.

---

கொட்டியாரக்கரை எழுதியது:

பிள்ளை, பைப் நல்ல யோசனை. ஆனால் பைப் ‘இன்றைக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று சொல்லும், வாய்க்கால் ‘உன் முறை வருகிற கிழமை’ என்று சொல்லும். அதனால்தான் முறை வந்த அன்று தேவையோ தேவையில்லையோ வரம்பு முட்டக் கட்டிவைக்கிறோம். கடைமடைக்காரனுக்கு அடுத்த முறை வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தானே மிச்சம் பிடிப்பான்.

காப்புறுதி பற்றியும் ஒன்று, பெயர் சொல்லவில்லை. டித்வாவுக்குப் பிறகு வயலைப் பார்க்க வந்தவர் பயிர் எங்கே என்று கேட்டார். பயிர் இருந்தால் நான் ஏன் விண்ணப்பம் போடுகிறேன்?

---

தம்பலகாமத்தான் எழுதியது:

😀 அந்தக் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கிறோம், வரட்சி வருடத்தில்.

எல்லாரும் சொன்னதை வைத்துப் பார்த்தால் நான் தொடங்கிய கேள்வியையே மாற்றிக் கேட்கவேண்டும் போலிருக்கிறது. திரியாய் முந்த நினைக்கிறது, மூதூர்ப் பள்ளம் பிந்த நினைக்கிறது, நாங்கள் நடுவில். எல்லாருக்கும் ஒரே கடைசி விதைப்புத் தேதி, அந்தத் தேதியில் தொங்குகிற பசளையும் காப்புறுதியும். 2021இல் ஒரே உத்தரவில் நாடு முழுக்க இரசாயனப் பசளையை நிறுத்தி, நவம்பரில் திரும்ப எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். மலைக்கும் வயலுக்கும் தோட்டத்துக்கும் ஒரே சட்டம் போட்டால் அப்படித்தான் முடியும். தேதியிலும் அதே தவறுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன், சத்தம் இல்லாமல் நடக்கிறது.

---

பழைய வட்டவிதானை எழுதியது:

இப்போது விஷயத்துக்கு வந்தீர்கள். ஆளுக்கு ஒரு தேதி என்று விட்டால் குளம் ஒரு மாதத்தில் வற்றும். மாவட்டத்துக்கு ஒரு தேதி என்றால் நீங்கள் சொன்ன பாடு. இடையில் இருப்பது துருசு. ஒரு துருசுக்குக் கீழ்ப்பட்ட காணிக்காரர் ஒன்றாக ஒரே வயது நெல்லைப் போட்டால், அந்தத் துருசைப் பதினைந்து நாள் முந்திப் பூட்டலாம். பூட்டிய தண்ணீர் மற்றவனுக்கு. மாடு, கிளி, மெஷின் என்று நானா சொன்ன பிரச்சினையும் இல்லை, கூட்டமாக நிற்கிற வயலுக்கு மெஷின் தானாக வரும்.

தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் பெத்ம செய்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. தலைமடைக் காணியை மட்டும் விதைத்து, கடைமடைக்காரருக்கும் அதில் கூறு கொடுப்போம். காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. வாய் பேசிச் செய்தது. அதைவிட இது லேசு.

ஆனால் ஒரு துருசில் ஒருவன் ‘நான் கீரிச் சம்பாதான் போடுவேன், விலை கூட’ என்று நின்றால் எல்லாம் கெடும். அவனை என்ன செய்வதாக உத்தேசம்?

---

முள்ளிப்பொத்தானை நானா எழுதியது:

அவன் நான்தான் ஐயா, பெரும்போகத்தில். கீரிச் சம்பாவான பீஜி 360க்கு ஆலைக்காரர் தருகிற விலையைப் பார்த்தால் விட மனமில்லை. குறைந்த நாள் நெல்லுக்கும் ஓரளவு விலை கிடைத்தால் மாறுவேன். ஆலைக்காரரிடம் துருசே சேர்ந்து போய்ப் பேசினால் ஒரு லொறி நிறைகிற அளவு நெல் இருக்கும், அப்போது விலை பேச வாய் இருக்கும். ஒருவன் பத்து மூடையோடு போனால் ‘ஈரம் கூட’ என்று கழித்துவிடுவார்கள்.

---

குறிஞ்சாக்கேணி எழுதியது:

விலை ஒரு பக்கம் கிடக்கட்டும், விதை எங்கே? ஒரு துருசு முழுக்க மூன்று மாத நெல்லான பீஜி 300 என்று தீர்மானித்தால் விதைநெல் ஒரே நேரத்தில் வேண்டும். கடையில் கடைசி நேரத்தில் கிடைப்பது எது என்று எல்லாருக்கும் தெரியும், கலப்பு நெல், பாதி களைநெல்.

---

தம்பலகாமத்தான் எழுதியது:

அதை நாங்களே வளர்க்கவேண்டும். இந்தச் சிறுபோகத்தில் என் தலைமடைத் துண்டில் பீஜி 300 நிற்கிறது, பதிவுசெய்த விதை போட்டது. விவசாயப் போதனாசிரியர் ஒருமுறை வந்து பார்த்துக் கலப்புப் பயிரைப் பிடுங்கிவிட்டுப் போனார், இன்னொருமுறை பூத்த பிறகு வருவதாகச் சொன்னார். அடுத்த வயலில் வேறு நெல் நிற்பதால் ஓரத்து ஐந்தாறு அடியை விதைக்கு எடுக்கமாட்டேன், அதை வீட்டுச் சோற்றுக்கு வெட்டுவேன். மிச்சம் எங்கள் துருசுக்குப் போதாது, ஆனால் பாதிப் பேருக்குத் தரலாம்.

மற்றப் பாதிக்கு யாரிடமாவது பீஜி 300 சுத்தமாக நிற்கிறதா? கந்தளாய்ப் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது, லொறிக் கூலி குறையும். வெட்ட முதல் வந்து வயலில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன்.

---

திரியாய்ப் பெடியன் எழுதியது:

பன்குளத்தில் என் மாமா போட்டிருக்கிறார். களைநெல் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்த்துப் படம் போடுகிறேன். அண்ணன், அவருக்குக் காசு வேண்டாம், பதிலுக்குக் குழித்தட்டு வாங்க ஒரு பங்கு போடுவீர்களா என்று கேட்கச் சொன்னார்.